நீல மூடி

என் அக்கா அமிர்தத்துக்கு லாரி என்றாலே ஆகாது. அந்த லாரியை ஓட்டுகிற என் மாமா உத்திராபதி என்றால் உயிர். இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடித்தனம் நடத்தி வருகிறாள். ஊரில் அவளை ‘லாரிக்காரர் வூட்டம்மா’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளுக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

நான் அவளுடைய தம்பி, தில்லைநாதன். கடலூர் பைபாஸில் ஒரு லாரிக் கம்பெனியின் சர்வீஸ் ஷெட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். குடியிருப்பது மஞ்சக்குப்பத்தில். ‘பார்ட் இன்னும் வரல’ என்று டிரைவர்களிடம் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று என் மனைவி மாலதி கேலி செய்வாள். பாதி உண்மைதான். வாரண்டியில் இருக்கிற வண்டிக்கு வெளியில் ஒரு நட்டு வாங்கிப் போட முடியாது. பழுது எங்களுடையது என்று கம்பெனி முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பார்ட் அனுப்ப வேண்டும். அதுவரை வண்டி நிற்கும், வண்டியோடு டிரைவரும் நிற்பான், நின்றவன் வாயில் வருவதையெல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் என் மாமாவின் வண்டியே வந்து ஷெட்டில் நின்றபோது அந்தப் பழக்கம் ஒன்றுக்கும் உதவவில்லை.

அக்காவின் ஊர் சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற வழியில் இருக்கிறது. கொஞ்சம் நிலம் உண்டு. நெல்லும் அதற்குப் பின் உளுந்தும் அவளே பார்த்து எடுப்பாள். மாமாவுக்குச் சொந்த வண்டி. நெய்வேலியில் லோடு ஏற்றினால் சூரத், நாக்பூர் என்று போய், அங்கே கிடைக்கிற லோடோடு வேறு எங்கோ போய், சுற்றிச் சுற்றித்தான் ஊர் திரும்புவார். மாதத்தில் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் அது பெரிய சங்கதி. மகள் சத்யப்பிரியாவை மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு அக்கா தனி ஆள். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கை ஒருத்திக்கு அளவு தெரியாமல் வைத்துவிடும். மிஞ்சினதை மறுநாள் அவளே தின்பாள்.

மாமா வருகிற நாள் தெரிந்துவிட்டால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் மீன்காரியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து இறால் வாங்குவாள். அந்த மாதம் முழுக்கச் சேர்த்து வைத்த சேதிகளை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொள்வாள். வரப்பில் பக்கத்து நிலத்துக்காரன் மண் வெட்டியது, மகளுக்கு மாமியாரோடு ஏற்பட்ட சின்ன மனஸ்தாபம், பஸ்ஸில் யாரோ அவளைப் பார்த்து இளைத்துப் போய்விட்டாய் என்று சொன்னது. எல்லாம் இருக்கும். மாமாவும் வருவார், குளிப்பார், சாப்பிட உட்காருவார்.

“சோறு போட்டு முடிக்கிறதுக்குள்ள அவுருக்குக் கண்ணு சொருவிடுது தம்பி. நான் யாருகிட்டப் போய் சொல்றது, செவுத்துகிட்டயா?” என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள்.

ஃபோனில் பேசினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவளே பயந்துகொண்டு வைத்துவிடுவாள். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிடும்போது இவள் தூங்கிப் போயிருப்பாள், இல்லை நடவு வயலில் நிற்பாள். தவிரவும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு ஃபோனில் வராது என்பாள். அது சரிதான்.

அவள் ஆசைப்பட்டது நகை நட்டுக்கு இல்லை. பொழுது விடிந்த பிறகு மாமா எழுந்திருக்க வேண்டும். வாசல்படியில் உட்கார்ந்து அவசரமில்லாமல் ஒரு டம்ளர் காபி குடிக்க வேண்டும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தன் மூட்டையை அவிழ்க்க வேண்டும். ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வாய்க்கவில்லை. மாமா கருக்கலிலேயே எழுந்து கிளம்பிவிடுவார். அவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. லாரித் தொழிலில் விடிந்து எழுந்தவனுக்கு லோடு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுத்தார். இப்போது வருகிற வண்டிகளில் டீசல் டேங்க் போக இன்னொரு சின்ன டேங்க் இருக்கும், நீல மூடி போட்டு. புகையைச் சுத்தப்படுத்த அதில் ஒரு திரவம் ஊற்ற வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், டிரைவர்கள் யூரியா என்றுதான் சொல்வார்கள். சீல் வைத்த வாளியில் விற்கும், சில பங்க்குகளில் குழாயிலும் பிடித்துக்கொள்ளலாம். அது தீர்ந்துபோனால் வண்டி இழுக்காது. வயலுக்குப் போடுகிற யூரியாவுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, சுத்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வண்டி எடுத்த புதிதில் மாமா அந்த நீல மூடியைக் காட்டி, இதில் யூரியா ஊற்றணும் என்று அக்காவிடம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நெல்லுக்குப் போடுறத வண்டிக்கும் போடணுமா, அப்ப இதுவும் தூர் கட்டி வளருமா என்று கேட்டாள். மாமாவும் சிரித்துவிட்டார். அது எந்த யூரியா என்று அவர் விளக்கவில்லை. விளக்குகிற அளவுக்கு அது பெரிய விஷயமாக அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், மாமா வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போதே மறுநாள் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். மீட்டரில் யூரியா விளக்கு எரிகிறது, கருக்கலில் கிளம்பி வடலூர் பங்க்கில் ஊற்ற வேண்டும், அங்கே வண்டிகள் வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் போய்விடும், அதற்கப்புறம்தான் நெய்வேலியில் லோடு. சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டார். ஒரு மணி நேரம் என்ற அந்த வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

அவருக்கு முன்னால் அவள் எழுந்தாள். முதல் வேலையாக அவருடைய ஃபோனில் வைத்திருந்த அலாரத்தை அமர்த்தினாள். நெல்லுக்கு மேலுரம் போட வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைப் பிரித்து, மோட்டார் தண்ணீரில் கரைத்தாள். கரைத்ததை அப்படியே ஊற்றிவிடவில்லை. மாமாவின் வெளுத்த வேட்டி ஒன்றை மடித்துப் போட்டு இரண்டு தடவை வடிகட்டினாள், கைக்குழந்தைக்குப் பால் வடிகட்டுகிற மாதிரி. ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்துப்போய், சாலையோரம் நின்ற வண்டியில் நீல மூடியைத் திறந்து, புனல் வைத்து வழிய வழிய ஊற்றினாள். கையைக் கழுவிவிட்டு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அவர் எழுந்திருப்பதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு விடிந்ததை அவள் பார்த்தாள், அவர் தூங்குவதையும் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு காலையை அனுபவித்ததில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மாமா முகத்தில் வெயில் பட்டு எழுந்தார். எழுந்தவர் ஒரே கத்தல். ஏன் எழுப்பவில்லை, அலாரத்தை யார் நிறுத்தியது, லோடு கைமாறிப் போனால் யார் பதில் சொல்வது என்று கத்திக்கொண்டே சட்டையை மாட்டினார். அக்கா, யூரியா என்று வாயைத் திறந்தாள். இனிமேல் எங்கே யூரியா ஊற்றுவது, அதற்கும் நேரமில்லாமல் பண்ணிவிட்டாயே என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிவிட்டார். காபி அப்படியே இருந்தது. மீட்டரைப் பார்த்தால் புரிந்துகொள்வார், புரிந்ததும் கூப்பிடுவார் என்று அவள் ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா மீட்டரைப் பார்த்தார். புரிந்துகொண்டது வேறு. ராத்திரி காலி என்று காட்டியது காலையில் நிறைந்திருக்கிறது என்று காட்டினால் டிரைவர் என்ன நினைப்பான்? சென்சார் போய்விட்டது, ராத்திரி எரிந்தது பொய் விளக்கு என்று நினைத்தார். வடலூரில் நிற்காமல் போய் லோடு ஏற்றினார். விருத்தாசலம் தாண்டி மங்கலம்பேட்டை வருவதற்குள் வண்டி மூச்சிரைத்து, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, இதைக் கட்டி இழுத்துக்கொண்டு கடலூருக்கு, எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“மச்சான், ராத்திரி காலின்னு காட்டுது, விடிஞ்சா ஃபுல்லுன்னு காட்டுது. சென்சார் கோளாறுதான். ஒங்க கம்பெனிப் பொருள். வாரண்டில மாத்திக் குடு,” என்றார்.

எங்கள் மெக்கானிக் ஆரோக்கிய பிரபு அந்த டேங்கைத் திறந்து உள்ளே இருந்ததை ஒரு வெள்ளை வாளியில் வடித்தான். நானும் பக்கத்தில் நின்றேன். கலங்கலாக வந்தது. பிரபு முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ கலந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றான். அவன் கடலூர் முதுநகர்ப் பையன், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வயல் வாடை அறியாதவன். நான் குனிந்தேன். வேப்பெண்ணெய் வாசம். வயலுக்கு வருகிற யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். மூட்டை பிரித்துப் பழகின வீட்டில் பிறந்தவன் மூக்குக்கு அது தப்பாது. எந்த வீட்டு மூட்டை, எந்தக் கை ஊற்றியிருக்கும் என்பதும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தேன், எனக்கும் தெரியவில்லை என்றேன்.

வாரண்டி உண்டா இல்லையா என்று எழுதி அனுப்புகிறவர் ஜான்சி மேடம். சின்ன வயசு, கறார், ஆனால் நியாயமான பெண். சாம்பிளைச் சோதித்துப் பார்த்து, யூரியா கரைந்திருக்கிற அளவு சரியில்லை என்றார். ஆனால் மாமா சொல்வதையும் அவரால் தள்ள முடியவில்லை. அந்த மாடல் வண்டியில் சென்சார் கோளாறு புதிதில்லை. மாமா எப்போதும் சரியான பங்க்கில்தான் ஊற்றுகிறவர். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். மேலிடம் என்றால் தெரியுமே, பதில் ஆடி அசைந்துதான் வரும். வண்டி நின்றது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. மாமாவின் பங்காளி ஒருவர் சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிறார். மாமாவையும் வரச்சொல்லி ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்ற இரண்டாம் நாளே மாமா சிதம்பரத்து ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். வாரண்டி கிடைக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிட்டுப் போய்விடுவது என்று முடிவு. போனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர். மாதத்துக்கு ஒரு ராத்திரிக்கே ஏங்குகிறவள் என் அக்கா. ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டு அவளே அவரைக் கப்பலேற்றிவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

வண்டி நின்றால் மனுஷன் வீட்டுக்கு வரலாம் இல்லையா? அக்கா அப்படித்தான் நம்பினாள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு எந்நேரமும் பஸ் ஓடுகிறது. ஆனால் சொந்த வண்டிக்காரன் வண்டியை விட்டுவிட்டுப் போகமாட்டான். பேட்டரி போகும், டீசல் போகும், ஸ்டெப்னி போகும். அதைவிட, பக்கத்தில் ஆள் நிற்காத வண்டியில் எந்த ஷெட்டிலும் வேலை நடக்காது. இதை நான் ஷெட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டே சொல்கிறேன். மாமா குழாயடியில் குளித்தார், வண்டிக் கேபினிலேயே படுத்தார். மஞ்சக்குப்பத்தில் என் வீடு இருக்கிறது, வந்து படுங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் வண்டி நிழலில் அவர் வீட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்தது ஒரு பஸ் டிக்கெட்.

“ஓடுனாலும் வரமாட்டாரு, நின்னாலும் வரமாட்டாரு. அப்ப எப்பத்தான் தம்பி வருவாரு?” என்று ஃபோனில் கேட்டாள். பார்ட் இன்னும் வரல என்று பழக்க தோஷத்தில் சொன்னேன்.

கடைசியில் அவளே கிளம்பி வந்தாள். இறால் குழம்பு வைத்து டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு, என்னிடமும் சொல்லாமல், பஸ் பிடித்து வந்துவிட்டாள். அவள் ஷெட்டுக்குள் நுழைந்த நேரம்தான் நேரம். மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது. சொந்தக்காரரைக் கடைசியாக ஒரு தடவை விசாரித்து, ஜான்சி மேடத்துக்குத் திருப்தி என்றால் சென்சார் கோளாறு என்றே முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். வண்டிப் பக்கத்தில் மேடம், பிரபு, நான், மாமா நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மாமாவுக்குப் பின்னால் வந்து நின்ற அக்காவை நான்கூடப் பார்க்கவில்லை.

டேங்கில் கடைசியாக யார், எங்கே ஊற்றினது என்று மேடம் கேட்டார். மாமா நெஞ்சில் கை வைத்தார்.

“வடலூர் ஜோதி மேல ஆணையா சொல்றேன்மா. பங்க் யூரியா தவிர வேற ஒண்ணும் என் வண்டியில ஊத்துனதில்ல. ஃபுல் டேங்க காலின்னு காட்டுனா அது சென்சார் தப்புதான்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அது மேடத்துக்கும் தெரிந்தது. சரி, சென்சார் என்றே போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. காலி என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, காலி டேங்கோடு வண்டி ஓட்டிவிட்டார் என்று தன் புருஷன் மேல் யாரோ குற்றம் சுமத்துகிறார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

“டேங்கு காலியால்லாம் இல்லம்மா. ஃபுல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஊத்துனேன்,” என்றாள்.

என்ன ஊற்றினீர்கள் என்று மேடம் கேட்டார்.

“யூரியாதான். வயலுக்கு வாங்குன மூட்ட வூட்ல இருந்துச்சு. நல்லாக் கரைச்சி, வேட்டியில ரெண்டு வாட்டி வடிகட்டித்தான் ஊத்துனேன், ஒரு தூசி இருக்காது. வடலூர்ல நிக்கிற நேரம் மிச்சமாவும், அந்த நேரம் வூட்லயே தூங்கட்டும்னுதான்.”

சொல்லிவிட்டு எங்கள் எல்லோரையும் பெருமையாகப் பார்த்தாள். பிரபு வெள்ளை வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேடம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மாமா மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவர் வாய் லேசுப்பட்ட வாய் இல்லை. ஓவர்டேக் பண்ணினவனை விழுப்புரம்வரை துரத்திப் போய்த் திட்டிவிட்டு வந்த வாய். இன்றைக்கு அக்கா தீர்ந்தாள் என்று நினைத்தேன்.

அவர் கையை நீட்டி டிபன் கேரியரை வாங்கிக்கொண்டார்.

“பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா? வெயில்ல நிக்காத, வா,” என்றார்.

அவளைக் கைபிடித்துக் கேபினில் ஏற்றினார். அத்தனை வருஷத்தில் அவள் லாரிக்குள் ஏறியது அதுதான் முதல் தடவை. சீட்டுக்குப் பின்னால் படுக்கிற இடத்தில் ஒரு திரை தொங்கியதாம். பார்த்தால் அது அவளுடைய அரக்குச் சுங்குடிச் சேலை. கொடியில் காயப்போட்டது காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட சேலை. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டிருக்கிறாள். பழசுதானே என்று எடுத்துக்கொண்டேன் என்றாராம். கேரியரைத் திறந்து இரண்டு பேரும் அங்கேயே சாப்பிட்டார்களாம்.

கீழே ஜான்சி மேடம் என்னிடம், காதால கேட்டுட்டேன் சார், நான் என்ன பண்றது என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரண்டி அத்தோடு போனது.

சாயங்காலம் அக்காவை என் பைக்கில் ஏற்றிக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா, அந்தப் பெண்ணின் முகம் ஏன் அப்படி ஆகிவிட்டது என்று கேட்டாள். மறைத்துப் பிரயோஜனமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். வயல் யூரியா என்ன செய்யும் என்பதைச் சொன்னேன், வாரண்டி போனதைச் சொன்னேன், சவூதியையும் சொன்னேன். சிதம்பரம் பஸ் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது.

“அவுருக்குத் தெரியுமா?”

“நீ சொன்ன ஒடனே தெரிஞ்சிபோச்சுக்கா.”

“தெரிஞ்சுமா தம்பி, எறாலையெல்லாம் பொறுக்கி என் தட்டுல வச்சாரு?”

அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

யூரியா பம்ப்பைச் சொந்தச் செலவில் மாற்ற வேண்டியிருந்தது. அக்கா யாரும் கேட்காமலேயே தன் வளையல்களைக் கழற்றிப் பேங்க்கில் வைத்துவிட்டாள். மற்றதையெல்லாம் பிரபு வெந்நீர் விட்டு விட்டு, உப்பாகப் படிந்திருந்ததைக் கரைத்து எடுத்தான். குழாய் குழாயாகக் கழற்றிக் கழுவினான், அது அவன் செய்திருக்க வேண்டிய வேலையே இல்லை. வண்டி கிளம்பியது. கிளம்பிய வண்டி சிதம்பரம் பக்கம் திரும்பவில்லை. லோடு காத்திருக்கிறது என்று நேராக நெய்வேலிக்குப் போய், அங்கிருந்து சூரத்துக்குப் போய்விட்டது.

கோபம்தான் என்று அக்கா தீர்மானித்துவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அவளிடம் சொல்லவில்லை. மாமா எப்போதும்போல ஃபோன் செய்தார், எப்போதும்போல இரண்டு வார்த்தை பேசினார். சவூதியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். மேலுரம் போட அவள் வயலில் இறங்கவில்லை, ஆளை விட்டுப் போடச் சொன்னாள். மீந்த மூட்டையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். சாலையில் லாரி சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வருகிறவள், இப்போது உள்ளேயே நின்று சத்தம் கடந்து போகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். லாரிகள் எல்லாம் கடந்து போயின.

பொங்கலுக்கு முன்னால் அக்காவுக்கு வரிசை எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். கரும்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது சாலையில் ஒரு லாரி வந்தது, கடந்து போகாமல் நின்றது. மாமா வந்தார். தோளில் ஒரு வாளி, சீல் பிரிக்காத யூரியா வாளி. அதைக் கொண்டுவந்து கூடத்தில், அக்காவின் தையல் மிஷின் பக்கத்தில் வைத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். குத்திக்காட்டத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது.

குளித்தார், சாப்பிட்டார். அக்கா தலையைத் தூக்காமல் பரிமாறினாள். மாதம் முழுக்கச் சேர்த்த சேதி எதுவும் அவள் வாயில் வரவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல், சவூதி என்ன ஆச்சு மாமா என்று கேட்டேன். வரும் வழியில் சிதம்பரத்தில் இறங்கிப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிட்டதாகச் சொன்னார். மோர் ஊற்றச் சொன்னார். அக்கா ஊற்றிய மோர் இலைக்கு வெளியே போனது.

கை கழுவிவிட்டு வந்து பாயை விரித்தவர், படுக்காமல் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவைப் பார்க்காமலேயே சொன்னார்.

“வண்டில யூரியா கொறைஞ்சிருக்கு. காலையில சீல உடைச்சி நீயே ஊத்திடு. ஊத்தி முடிச்சிட்டு, அப்பறமா என்னை எழுப்பு.”

“நானா?” என்றாள் அக்கா.

“வடலூர்ல நின்னா ஒரு மணி நேரம் போயிடும்,” என்றார். படுத்தார், தூங்கிப் போனார்.

காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது நன்றாக வெயில் வந்துவிட்டிருந்தது. வாளி காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. மாமா வாசல்படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. வரப்பில் மண் வெட்டிய கதையில் ஆரம்பித்திருந்தாள், இன்னும் மகளிடம்கூட வந்து சேரவில்லை. இருபது வருஷத்து மூட்டை, ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?